கண்ணாடியின் வலது மூலை

எல்லோரும் சன்னல் கண்ணாடி வழியாக வெளியே பார்ப்பார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் கண்ணாடியையே பார்ப்பார். அது தொழில் கொடுத்த கோளாறு. ஒரு வீட்டுச் சன்னலுக்குக் கண்ணாடி மாட்டி முடித்ததும் நேராக நின்று பார்க்கிற வழக்கமே அவரிடம் இல்லை. பக்கவாட்டில் போய், தலையைச் சாய்த்து, இடது கண்ணை மூடி, நாக்கு நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு பார்ப்பார். கீறலும் கைரேகையும் அப்போதுதான் அகப்படும். பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தாலும் இதே கதைதான். “அங்க பாருங்க, மலை எவ்வளவு அழகா இருக்கு” என்று மனைவி காட்டினால், “ரப்பர் விட்டுப்போச்சு, மழை வந்தா தண்ணி உள்ள எறங்கும்” என்பார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு அவருக்கு எதையும் காட்டுவதை விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், அவளும் படம் எடுக்கப் படிக்கிறேன் என்று கிளம்பினாள். கண்ணாடிக்காரர் தடுக்கவில்லை. காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைவது ஒரு வேலையா என்ற சந்தேகம் மட்டும் உள்ளூர இருந்தது. போன வருடம் அவளுடைய முதல் குறும்படத்தைப் பார்க்க வீட்டோடு போனார்கள். திரையில் ஒருத்தி படியில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். இவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளுடைய ஆசிரியர்கள், சிநேகிதர்கள் எல்லோரும் இருக்கும் கூடத்தில், “கதை எப்பம்மா ஆரம்பிக்கும்?” என்று கேட்டுவிட்டார். கூடமே சிரித்தது. மகளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு தொலைபேசியில் அவள் அம்மாவிடம் மட்டும்தான் மனம் விட்டுப் பேசினாள். அப்பாவிடம் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு சரி. படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த நிலையில்தான் மகளிடமிருந்து தகவல் வந்தது. படிப்பின் கடைசிப் படத்தைத் திரையிடுகிறார்கள், வீட்டுக்கு ஒருவருக்குத்தான் இடம், அப்பா வரட்டும்.

“என்னையில்ல கூப்பிடணும்? நீங்க போய் என்ன சொல்லப் போறீங்களோ!” என்றாள் மனைவி.

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாம இருந்தாலும் தப்பு. எப்படி இருந்துச்சுன்னு கேப்பா. பதில் சொல்லித்தான் ஆகணும். இந்தத் தடவையும் சொதப்பினீங்கன்னா அவ்வளவுதான், அப்புறம் அவ உங்கள எதுக்கும் கூப்பிட மாட்டா.”

அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் மாடி வீட்டுக்குப் படியேறினார். மாடியில் குடியிருந்தவன் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. சினிமாப் பைத்தியம். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் படத்தைவிட நீளமாகப் பேசுவான் என்பதால் கட்டடத்தில் அவனுக்கு ‘விமர்சகர்’ என்று பெயர்.

“அண்ணே, படம் என்ன சொல்லுதுன்னு தேடாதீங்க. எப்படிக் காட்டுதுன்னு பாருங்க. வெளிச்சம் எங்கருந்து வருது, ஆள எங்க நிக்க வெச்சிருக்காங்க, என்ன நிறம், அதப் பாருங்க” என்றான் விமர்சகர்.

கண்ணாடிக்காரர் தலையாட்டினார். தலையாட்டுவதற்குப் புரிய வேண்டும் என்று கட்டாயமா என்ன?

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் மாடியில் படம். விமர்சகர் விளக்கை அணைத்துவிடுவான், பேச விடமாட்டான். ஒரு படம் முழுக்க நீலமாக இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி கெட்டுவிட்டதோ என்று கேட்டார்.

“இல்லண்ணே. நீலம்னா தனிமை.”

மறுநாள் படம் மஞ்சளாக இருந்தது.

“இது?”

“இதுவும் தனிமைதாண்ணே. ஆனா வேற மாதிரி.”

பெயிண்ட் கடை அட்டையில் இருக்கிற எல்லா நிறமும் தனிமைதானா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டார். போகப் போகக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. நாயகனின் முகம் இருட்டில் இருந்தால் அது அழகாம். இவர் வீட்டுக் கல்யாணப் புகைப்படத்தில் மாமனார் முகம் இருட்டில் விழுந்ததற்குப் புகைப்படக்காரனோடு சண்டை போட்டது யார்? எது பிழை, எது பாணி என்று யார் தீர்மானிக்கிறார்கள்? விமர்சகரைக் கேட்டால், “பாக்கப் பாக்கப் புரியும்ணே” என்றான். பார்த்துப் பார்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவருக்கு என்னவோ ஆனது. பெயர் கூட நினைவில்லாத ஒரு படத்தில் ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டுப் போனாள். அவள் போன பிறகும் படம் அவளோடு போகாமல் அந்த அறையிலேயே நின்றது. கட்டில், காலியான கொக்கி, சுவரில் நகர்ந்துகொண்டிருந்த வெயில். அவ்வளவுதான். மகள் விடுதிக்குப் போன அன்று அவளுடைய அறை வாசலில் தான் நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. விமர்சகரிடம் அதைச் சொல்லவில்லை. அப்படித் தோன்றுவது சரியா, இல்லை பாடத்தில் இல்லாததா என்று அவருக்குத் தெரியவில்லை.

திரையிடலுக்கு முந்தின நாள் விமர்சகர், அவசரத்துக்குக் கைகொடுக்கும் என்று சில வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தான். ‘வெளிச்சம் பேசுது.’ ‘அந்த மௌனம் நல்லா இருந்துச்சு.’ முகம் மழிக்கும்போது கண்ணாடிக்கு முன்னால் அவற்றைச் சொல்லிப் பார்த்தார். வெளியே மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிற்பகல் திரையிடல். கல்லூரிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள். மகள் ஓடி வந்து நடுவில் உட்கார வைத்தாள். “தண்ணி வேணுமாப்பா?” என்றாள். பிறகு பின்வரிசைக்குப் போய்விட்டாள்.

படத்தில் ஒரு பெண் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அறை அறையாகப் போகிறாள். குழாய் சொட்டுகிறது. எவரும் பேசவில்லை. கண்ணாடிக்காரர் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். சன்னலிலிருந்து வந்தது. வேறு எங்கிருந்து வரும்? நிறத்தைப் பார்த்தார். நீலமா சாம்பலா என்று பிடிபடவில்லை. தனிமையாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டார்.

அப்போது அந்தப் பெண் ஒரு சன்னலருகே வந்து நின்றாள். காமிரா வீட்டுக்கு வெளியே, மூடிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார்கள். இவர் பழக்க தோஷத்தில் கண்ணாடியைப் பார்த்தார். மரக்கிளைகளின் பிம்பம், கொஞ்சம் வானம். வலது மூலையில், மங்கலாக, ஓர் ஆள். குனிந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைக் காமிராவில் வைத்து, இன்னொரு கண்ணை இறுக மூடிக்கொண்டு அவருடைய மகள். உதட்டோரம் நாக்கு துருத்திக்கொண்டிருந்ததா, இல்லை அதை இவர் மனமே சேர்த்துக்கொண்டதா, சொல்ல முடியாது. காட்சி மாறிவிட்டது.

அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மகள் வேலை செய்து அவர் பார்த்ததே இல்லை. அவ்வளவு கவனத்தோடு அவள் ஒன்றைச் செய்வாள் என்பதே தெரியாது. மிச்சப் படம் கண்ணில் ஓடியது, மனதில் ஏறவில்லை. அந்தப் பிம்பம் தெரியாமல் விழுந்ததா, தெரிந்தே வைத்ததா? தெரியாமல் விழுந்தது என்றால் அதைச் சொல்லி இன்றைக்கும் அவள் முகத்தை வாட வைப்பதா? தெரிந்தே வைத்தது என்றால், சொல்லாமல் விட்டால் அப்பாவுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை என்றுதானே ஆகும்? கைதட்டல் கேட்டது. யார் யாரோ எழுந்து அந்தப் பெண்ணின் முகத்தையும் குழாய்ச் சத்தத்தையும் பாராட்டினார்கள். வலது மூலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவேளை தனக்குத்தான் கண் கெட்டுவிட்டதோ?

மகள் அவரைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப்போனாள். சுற்றி யாரும் இல்லை. போன தடவை பட்டது போதும் என்று நினைத்திருப்பாள்.

“எப்படி இருந்துச்சுப்பா?”

வெளிச்சம் பேசவில்லை. மௌனம் நன்றாக இருந்ததா என்பதும் மறந்துபோனது. முகம் மழிக்கும்போது சொன்ன ஒரு வார்த்தை கூடக் கைகொடுக்கவில்லை.

“கண்ணாடில நீ நின்னியேம்மா, வலது பக்கம். அது வேணும்னு வெச்சதா?”

அவள் முகம் வெளுத்தது. போச்சு, கெடுத்துவிட்டோம் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரிஞ்சுதா? யாருமே பாக்கலப்பா. எங்க சாரே பாக்கல.”

“அப்ப தப்பா?”

“தப்பாத்தான் விழுந்துச்சு. அத வெட்டணும்னுதான் உக்காந்தேன். மனசு வரல. ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல.”

“உனக்குமே தெரியலயா?”

“சத்தியமா தெரியலப்பா.”

கண்ணாடிக்காரருக்கு மாடி வீட்டில் கண் எரிய உட்கார்ந்த நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன. படம் எடுத்தவளுக்கே தெரியாதாம்! சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வெட்டிடாத. மத்ததெல்லாம் எனக்கு ஒண்ணும் வெளங்கல, ஒளிச்சு என்ன பண்ண? அந்த ஒரு இடத்துக்கு நான் இன்னொரு தடவ வந்து பாப்பேன்.”

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்த படத்துலயும் ஒரு சன்னல் வருதுப்பா. எடுக்கிற அன்னைக்கு வர்றீங்களா? கண்ணாடில நான் விழறேனான்னு பாக்க ஆள் வேணும்.”

“வர்றேன். விழாம பாத்துக்கணுமா, விழற மாதிரி பாத்துக்கணுமா?”

அவள் யோசித்தாள். தலையைச் சாய்த்து, இடது கண்ணை லேசாக மூடிக்கொண்டு யோசித்தாள்.

“தெரியலப்பா. வாங்க, பாத்துக்கலாம்.”