டிரைவில் மறந்த பிளாப்பி

இன்று காலை பீளமேட்டில் கரண்ட் போய் வந்தது. எங்கள் மோட்டார் பட்டறை ஆபீஸில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் அதன்பின் கிளம்பவில்லை. கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வரி மட்டும் நின்றது.

டைப்பிஸ்ட் சரோஜா மேல் எரிந்து விழுந்தேன்.

"கரண்ட் போனா உடனே சுவிட்சை அணைக்கோணும்னு எத்தனை தடவை சொல்றது அம்மணி?"

"அணைச்சுப்போட்டனுங்க சார்."

"அப்புறம் எப்படிக் கெட்டுப்போகும்?"

"நான் போயி கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூட்டியாரனுங்க" என்று வெயிலில் கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகுதான் கவனித்தேன். கம்ப்யூட்டரின் டிரைவில் ஒரு பிளாப்பி டிஸ்க். காலையில் நான் கேம் விளையாடப் போட்டது. அது உள்ளே இருந்தால் கம்ப்யூட்டர் கிளம்பாது. உருவிப் பையில் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன்; கிளம்பிவிட்டது.

மெக்கானிக்கோடு வேர்க்க விறுவிறுக்க வந்தவரிடம், "தானாவே சரியாயிருச்சு" என்றேன்.

"நல்லதாப் போச்சுங்க சார். இனிமே பாத்து அணைக்கறனுங்க."

அதற்கும் தலையை ஆட்டிவைத்தேன்.

உண்மையை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நண்பர்களே, இந்த ஈமெயிலுக்கு நீங்கள் என்னை நன்றாகத் திட்டிப் பதில் போடுங்கள். இந்த ஆபீஸுக்கு வரும் ஈமெயிலையெல்லாம் முதலில் திறந்து படிப்பவர் சரோஜாதான்.