ஜாக் தோற்ற ஆட்டம்

அந்தப் படத்தை எங்கள் ஊரில் எல்லோரும் தப்பாகத்தான் பார்த்தார்கள். அதைக் கண்டுபிடித்தவள் நான் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமில்லை.

உடையார்கட்டில் இருந்தோம். மலையகத் தோட்டத்திலிருந்து வந்து பிறர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு விசேட சித்தி. உயர்தரத்திலும் கணிதமே படிக்க ஆசை. அதற்குப் புதுக்குடியிருப்புக்குச் சைக்கிள் மிதிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஊர் முன்பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை தருவதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டுக் கணக்குப் படிப்பது சூதாட்டம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அதற்கு முதல்நாள் என் தோழியின் வீட்டில் அவள் தங்கை பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. மின்சாரம் இல்லாத காலம். ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, யன்னல்களைச் சாக்கால் மறைத்து, வாடகைக்கு எடுத்த டிவியில் பட்டப்பகலில் படம் போட்டார்கள். எந்த நாட்டுப் படமோ தெரியாது. பேச்சு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் கதை விளங்கியது. சீட்டாடிப் பிழைக்கும் இரண்டு நண்பர்கள். ஒருவனுக்கு மனமெல்லாம் வயலினில். கடைசி ஆட்டத்தில் இருவரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். வயலின்காரன் தன் சீட்டுகளை விரித்தான். இரண்டு ஜாக், ஒரு ஒன்பது.

“வெண்டிட்டான்!” என்று ஆண்கள் பக்கம் அதிர்ந்தது. அவர்களுக்குத் தெரிந்த ஆட்டம் முந்நூற்றி நாலு. அதில் ஜாக்தான் பெரியது, அடுத்தது ஒன்பது. ராசாச் சீட்டெல்லாம் எங்கோ கீழே.

நண்பனிடம் இருந்தவை இரண்டு ராசா. வயலின்காரன் காசை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து, தெருவில் நின்று வயலின் வாசித்தான். நண்பன் தேடி வந்து பக்கத்தில் குந்தினான். படம் முடிந்தது.

“வெண்ட காசையும் சிநேகிதனுக்குக் குடுத்திட்டுப் போறான் பாருங்கோ” என்று ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

அவர்களோடு இருந்து பார்த்த அப்பாவின் முகமும் இளகியிருந்தது. வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார். “ஜெயிச்சவனே எல்லாத்தையும் உட்டுட்டுப் போறான். நீயும் அந்த வேலைய உட்டுட்டுப் படி, புள்ள.”

நான் வாய் திறப்பதற்குள் தோழி கையில் கிள்ளினாள். நான் சொல்லப்போவது அவளுக்குத் தெரிந்திருந்தது. “விசரி, பொத்திக்கொண்டு இரடி. ஓம் எண்டிட்டார், பிறகென்ன?”

என்னால் முடியவில்லை. “அப்பா, அவன் ஜெயிக்கல. தோத்துட்டான்.”

“ரெண்டு ஜாக்கும் ஒம்பதும் வச்சுக்கிட்டு எவனாச்சும் தோப்பானா?”

“அங்க ராசாதான் பெருசு. முந்தின ஆட்டத்துலயும் அப்பிடித்தான் இருந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “படிச்ச பிள்ளை எங்களுக்குச் சீட்டு விளையாடப் பழக்குது!”

என்னைக் கிள்ளிய அதே தோழி இப்போது அவர்கள் முன்னால் போய் நின்றாள். “அப்ப திருப்பிப் போடுங்கோவன். ஏன் பயமோ?”

திருப்பிப் போட்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டுகள் விரிந்தவுடன், காசு கைமாறும் முன்பே, எவன் எடுப்பான் என்று சத்தமாகச் சொன்னேன். முதலாவது சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் ஆசு, அதுதான் ஏஸ், ராசாவையும் வெட்டும் என்றேன். வெட்டியது. அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி ஆட்டம் வந்தபோது அவர்களே என் முகத்தைப் பார்த்தார்கள். “ராசாக்காரன்” என்றேன். ஜாக் வைத்திருந்தவன் காசைத் தள்ளினான்.

அப்பா திரையைக் காட்டிக் கேட்டார்.

“அப்ப ஒண்ணுமே இல்லாமத்தான் எந்திரிச்சுப் போனானா?”

“ஆமாப்பா.”

கொடுத்த சொல்லைத் திருப்பி எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மற்ற ஆண்கள் பக்கம் திரும்பினார். “பேரு தெரியாத ஆட்டத்தையே பாத்துப் புடிச்சிருச்சு. இத முன்பள்ளியில வச்சு நான் என்னா பண்ண?”

திங்கட்கிழமை அப்பாவே முன்பள்ளிக்கு வந்தார். அங்கே பொறுப்பாக இருந்த ஆசிரியை கதிரையைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

“எங்க புள்ளைக்கு நேரமில்லீங்க” என்றார். “கணக்குப் படிக்கப் போவுது.”