அக்கா கையால் போணி

நியாலாஸ் ஊரில் இருக்கும் எங்கள் சேலைக் கடைக்கு இரண்டு வாசல்கள். ஒன்று சாலைப் பக்கம். இன்னொன்று, கண்ணில் ஹெட்செட்டை மாட்டினால் திறக்கும் மெய்நிகர் சந்தையில். கனடாவில் இருக்கும் என் அக்கா அந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான் வருவாள்.

தீபாவளிச் சரக்கு இறங்கிய முதல் வெள்ளிக்கிழமை, சூடம் காட்டி முடித்ததும், போணி அவள் கையால்தான். அப்பா காலத்திலிருந்தே அப்படி. அவளுக்குக் கைராசி என்று வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

சந்தையில் அவள் உருவம் இருபது வயதுப் பெண்ணாக நிற்கும். "சொந்த மூஞ்சிய வச்சா யாரு பாப்பாங்க லா?" என்று சிரிப்பாள். வீடியோவில் கூப்பிட்டால் கேமரா கெட்டுப்போச்சு என்பாள். எத்தனை போன் மாற்றினாலும் கேமரா மட்டும் கெட்டுத்தான் கிடக்கும்.

சேலையைப் பிரித்து அவள் தோளில் போட்டுக் காட்டுவேன். கடைக்காரி புத்தி எங்கே போகும்? ஒருமுறை அந்த வேகத்தில் என் கை நிஜக் கடையில் நின்ற பொம்மையின் தோளில் மோதியது. ஒரு கணம் அக்கா என்றே நினைத்துவிட்டேன். அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது.

அவள் வாங்குவது நிஜச் சேலைதான். ஆனால் கனடாவுக்குப் போகாது. "உன் வீட்லயே வையி. வந்து கட்டிக்கிறேன். அப்படியே உம்பாய் கடலோரம் போயி சுட்ட மீன் சாப்பிடுவோம்," என்பாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே பேச்சு. பிறகு லீவு இல்லை, முழங்கால் வலி என்பாள். என் அலமாரியில் அவள் தட்டு நிரம்பிவிட்டது. பட்டு இற்றுப்போகாமலிருக்க நான்தான் மடிப்பு மாற்றி மாற்றி வைக்கிறேன். ஒன்றில்கூட அவள் வாசனை இல்லை.

இந்த வருடம் அரக்குச் சேலையைக் காட்டி, இதுதான் வேண்டும் என்றாள்.

"குடுக்க மாட்டேன்," என்றேன்.

"அடியே, போணி டி! மொத ஆளத் திருப்பி அனுப்புவியா?"

போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அடிமாட்டு விலைக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அப்பா எங்களை வளர்த்தார். தெரிந்தேதான் மீறினேன்.

"அனுப்புவேன். நேர்ல வந்து வாங்கு. இல்லன்னா இல்ல."

எதிரே அந்த இருபது வயது முகம் சிரித்தபடியே நின்றது. காதில் மட்டும் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தலையெல்லாம் நரைச்சிருச்சு டி. அரக்கு எனக்கு இன்னும் எடுக்குமா?"

"வந்து காட்டு. பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.