குடைக்காரன் துணி எடுத்தானா?

நான் எட்டாவது படித்த வருடம் ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலேயே எங்கள் வீட்டில்தான் டிவி கேம் இருந்தது. அப்பா மதுரையிலிருந்து வாங்கி வந்தார். கூட ஒரே ஒரு கேசட். அதன் மேல் ஒட்டியிருந்த பெயர்த்தாள் வாங்கும்போதே கிழிந்திருந்ததால் விளையாட்டின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. குடை பிடித்த ஒரு குட்டை மனிதன் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருப்பான். பள்ளம் வந்தால் தாண்டுவான். குடையை விரித்தால் காற்றில் மெல்ல இறங்குவான். தவளை மீதோ நண்டு மீதோ பட்டால் செத்துப்போவான். மூன்று உயிர்தான். மூன்றும் போனால் மறுபடி முதல் ஸ்டேஜ். நடுவில் கரண்ட் போனாலும் அதே கதி. மொத்தம் எட்டு ஸ்டேஜ், தெருவில் ஒருவரும் ஏழாவதைத் தாண்டியதில்லை. கேசட்டுக்குச் சொந்தக்காரி என்பதால் எட்டாவதைத் தாண்டப்போகும் முதல் ஆள் நான்தான் என்று நானே முடிவுசெய்து வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டில் என் வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா சர்ச்சில் மணி அடிப்பதிலிருந்து பாய் விரிப்பதுவரை எல்லாம் பார்த்துக்கொள்பவர். பள்ளிக்கூடம் விட்டால் அவள் பாதி நேரம் எங்கள் வீட்டில், நான் பாதி நேரம் அவள் வீட்டில்.

ஆடிப்பூரத் தேருக்கு நாங்கள் குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போன நாள் அது. அன்றைக்குப் பார்த்துக் குடிதண்ணீர் வரும் முறை. அதை விட்டால் நாலு நாள் காத்திருக்க வேண்டும். அம்மா வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்து, தண்ணீர் வந்தால் பிடித்து வைக்கச் சொன்னாள். தண்ணீர் நிறையும்வரை கேம் ஆடிக்கொள் என்று பெருந்தன்மையாகச் சொன்னது நான்தான்.

சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது அவள் கேட்டிலேயே நின்றாள்.

“ஏட்டி, முடிச்சிட்டேன்.”

“தண்ணி பிடிச்சு முடிச்சிட்டியா?”

“எட்டாவது ஸ்டேஜ.”

எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, அப்பட்டமான பொறாமை. அதற்குள் தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கடைசியில் என்ன வந்தது என்று கேட்டோம். கிரீடம், தங்கம், வாணவேடிக்கை என்று ஆளுக்கொன்று நினைத்து வைத்திருந்தோம்.

“அவன் வீட்டுக்குப் போவான். குடைய மடக்கி வாசல்ல சாத்தி வைப்பான். மழை தூறும். உடனே வெளிய ஓடியாந்து கொடில காயுற துணிய எடுத்துட்டுப் போயி கதவச் சாத்திக்கிடுவான். அம்புட்டுத்தான்.”

தெருவே சிரித்தது. எட்டு ஸ்டேஜ் உயிரைக் கொடுத்து ஓடியவன் துணி எடுக்கவா வீட்டுக்குப் போவான்? அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “சாரல் போட்டிருக்கு போல. நம்ம துணியெல்லாம் எடுத்து மடிச்சு வச்சிருக்கா புள்ள.”

எனக்கு அது போதும். நீ எங்கள் வீட்டுத் துணியை எடுத்துவிட்டு, அதையே அவன் தலையில் கட்டிக் கதை விடுகிறாய் என்று பிடித்துக்கொண்டேன். அவள் இல்லவே இல்லை என்றாள்.

“அப்ப சாமி சத்தியம் பண்ணு.”

எங்கள் தெருவின் சட்டம் அது. கோலிக்குண்டு காணாமல் போனாலும், மாமரத்தில் கல் விழுந்தாலும், தலையில் கை வைத்து ஒரு சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது. செய்ய மறுத்தால் பொய்.

“எங்க வீட்ல சத்தியம் பண்ண மாட்டோம்ட்டி. நான் சொன்னா போதும்.”

“உன் சாமி மேலயே பண்ணு.”

“எந்தச் சாமி மேலயும் பண்ணக் கூடாது.”

“அப்ப பொய்தான்.”

அன்றிலிருந்து அவளைப் பார்த்தவர்களெல்லாம், “ஏட்டி, துணி எடுத்தாச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவளும் கூடவே சிரிப்பாள். எங்கள் வீட்டுக்கு வந்தாள், சாப்பிட்டாள், எனக்கு ஜடை பின்னிவிட்டாள். கேமை மட்டும் அதற்குப் பிறகு தொடவில்லை. சாயம் வெளுத்துவிட்டது, அதனால்தான் தொடவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் அந்தப் பெட்டியே பழுதாகிப் பரண் ஏறிவிட்டதால், நானும் எட்டாவது ஸ்டேஜைப் பார்க்கவில்லை.

வளர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எதன் மேலும் ஆணையிடக் கூடாது, உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை, அதோடு பேச்சு முடிய வேண்டும் என்று அவள் அப்பா கண்டிப்பாக வளர்த்திருக்கிறார். தெரிந்தும் நான் தீர்ப்பை மாற்றவில்லை. அந்தத் துணிக் கதையை எப்படி நம்புவது? அவள் கல்யாண வரவேற்பில் மேடையேறி, “இவ எது சொன்னாலும் சத்தியம் வாங்காம நம்பாதீங்க” என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

இப்போது அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு டீச்சர். நான் இங்கே ராஜபாளையத்திலேயே பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் பில் போடுகிறேன். பஸ் ஏறினால் அரை மணி நேரம். மாதம் ஒருமுறையாவது பார்த்துவிடுவோம்.

என் மகள் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போனபோது அவளுடைய கேம் பெட்டியை வீட்டில் விட்டுப் போனாள். இந்தக் கோடையில் ஒருநாள், அது வேலை செய்கிறதா என்று பார்க்கப் போட்டேன். பழைய விளையாட்டுகளைப் புதிய பெட்டிகளுக்காக மறுபடி வெளியிட்டிருந்த வரிசையில், குடையைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். முப்பது வருடத்தில் அவனுக்கு ஒரு நரை இல்லை. உடனே தோழிக்குப் போன் போட்டேன்.

“குடைக்காரன் திரும்ப வந்துட்டான்ட்டி.”

எப்போதும் கூடவே சிரிக்கிறவள் இந்தமுறை நேராகக் கேள்விக்கு வந்தாள்.

“எட்டு ஸ்டேஜும் இருக்கா?”

“இருக்கு.”

“முடிச்சிட்டு வா. போன்ல சொல்லாத, நேர்ல வந்து சொல்லு.”

எனக்கு வேடிக்கையாக இருந்தது அவளுக்கு ஒருநாளும் வேடிக்கையாக இருந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஆட உட்கார்ந்தால் விரல் சொன்னபடி கேட்கவில்லை. இரண்டாவது ஸ்டேஜில் ஒரே தவளையிடம் ஒன்பது முறை செத்தேன். புதிய பெட்டியில் ஒரு வசதி உண்டு. ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தால் ஆட்டம் பின்னோக்கி ஓடும். செத்தவன் எழுந்து, பள்ளத்திலிருந்து மேலே வந்து, நல்லபிள்ளையாய்க் கரையில் நிற்பான். நான் வெட்கமே இல்லாமல் அமுக்கினேன். “ஏமாத்தி ஜெயிச்சு என்னம்மா செய்யப் போற?” என்று மகள் போனில் கேட்டாள். ஒரு கேஸ் நடக்கிறது, சாட்சியைத் தேடுகிறேன் என்றேன். அந்த வாரம் மூன்று தோசை கருகியது. என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் தின்றார்.

இத்தனைக்கும் எனக்கு ஏழாவதைத் தாண்டப் பதினாறு நாள் ஆனது. அவள் மூன்றே உயிரை வைத்துக்கொண்டு, குடம் நிறைந்துவிட்டதா என்று நடுவில் எழுந்து எழுந்து ஓடி, ஒரே பகலில் முடித்திருந்தாள். முடித்திருந்தால் என்று திருத்திக்கொண்டேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எட்டாவது ஸ்டேஜின் ராட்சத நண்டு விழுந்தது. திரையில் ஒரு சின்ன வீடு வந்தது. குடைக்காரன் குடையை மடக்கினான். வாசலில் சாத்தினான். உள்ளே போனான். நீலப் புள்ளியாய் மழை இறங்கியது. கதவு திறந்தது. ஓடி வந்தான். கொடியில் மூன்று துணி. ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அம்புட்டுத்தான்.

எனக்குக் காது சூடானது. சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது, வெட்கம்தான் அதிகம். பட்டனை அமுக்கிப் பின்னோக்கி ஓட்டி, அந்த இடத்தைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு யாரும் பால்கோவா கொண்டுபோக முடியாது என்பதால் இரண்டு கிலோ சப்பட்டை மாம்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“எடுத்தான்ட்டி,” என்றேன். “மூணு துணி.”

“செவப்பு மொதல்ல.”

“ஆமா, செவப்புதான் மொதல்ல.”

“கடைசித் துணி கைதவறிக் கீழ விழும். குனிஞ்சு எடுப்பான்.”

திரையிலும் அப்படித்தான் குனிந்து எடுத்தான். நான் அதைச் சொல்லவேயில்லை, அவளே சொல்கிறாள். அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

“அன்னைக்கு எங்க வீட்டுத் துணிய எடுத்தியே, அது கேமுக்கு முன்னாடியா, பொறவா?”

“பொறவுதான். அவன் எடுக்குறதப் பாத்துத்தான் உங்க துணி கொடில கெடக்குற ஞாபகமே வந்துச்சு. ஓடுனேன். உங்கம்மா சேலை மட்டும் நனைஞ்சிருச்சு.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். பிறகு போனை எடுத்து நீட்டினேன்.

“வீடியோ எடுத்தாந்திருக்கேன், பாரு. சாமி சத்தியமா, நீ சொன்ன மாதிரியே…”

அவள் போனைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து மோந்து பார்த்தாள்.

“சத்தியமெல்லாம் எதுக்குட்டி,” என்றாள். “நீ சொன்னா போதும்.”