ராஜகுமாரி கத்தாத ஞாயிறு

ராஜகுமாரிக்கு இருப்புக் கொள்ளாது. டெலானிபூர் அரசுக் குடியிருப்பில் அவள் வீட்டில் நாற்காலிகள் நான்கு இருக்கின்றன, நான்கும் விருந்தாளிகளுக்குத்தான். டீயை நின்றுகொண்டே குடிப்பாள், நடந்துகொண்டே போன் பேசுவாள். வயது நாற்பத்து மூன்று, அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில், இலங்கை மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீட்டில் பிறந்தவள். மரத்துக்கு மரம் கூவியே பேசிப் பழகிய பிள்ளைக்கு மெதுவாகப் பேச எங்கே வரும்? அவள் ரகசியம் சொன்னால் சாத்தம் படகு ஜெட்டியில் கேட்கும் என்று கணவன் முருகையா கேலி செய்வார்.

அந்தத் தொண்டைக்கு ஒரு வேலை கிடைத்தது, போட்டில் போக வேண்டிய எதிர்க்கரைப் பாம்பூஃப்ளாட்டுக்கு மேலே இருக்கும் பழைய கல்குவாரியில்தான். குவாரியை மூடிப் பல வருடமாகிறது. அறுபதடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் அந்தப் பாறையில், மழைக்காலம் முடிந்துவிட்டால் ஞாயிறுதோறும் திருவிழாக் கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள், டூரிஸ்ட்டுகள், ராஜகுமாரியின் மலையேற்றக் கிளப் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே பாறை. மேலே வளையத்தில் கயிற்றை இரட்டையாகக் கோத்து, இடுப்பில் பட்டை மாட்டி, காலைப் பாறையில் ஊன்றிப் பின்பக்கமாக இறங்குவார்கள். கடைசி ஆள் இறங்கியதும் கீழே நின்று ஒரு முனையை இழுத்துக் கயிற்றை உருவிக்கொள்வார்கள். வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் என்று ஆளுக்கொரு பாஷையில் அலறிக்கொண்டிருந்த இடத்தில் சட்டம் போட்டவள் இவள்தான். கயிற்றை வீசும் முன்னும் உருவும் முன்னும் "ரோப்!" என்று கத்த வேண்டும். கீழே நிற்பவர்களிடமிருந்து "கிளியர்" என்று பதில் வராமல் கையை அசைக்கக் கூடாது. சுண்டுவிரல் அளவு கல் உருண்டாலும், எல்லோருக்கும் புரிகிற இந்தியில் "பத்தர்!" என்று கூவ வேண்டும். அதைக் கேட்டவன் மேலே பார்க்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இறங்கியவன் கயிற்றடியில் நின்று போட்டோ எடுத்தால் அவன் பரம்பரைக்கே திட்டு விழும்.

காலையில் முதல் ஆளாக இறங்கி, கல் கல்லாக விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். பொத்தென்று சத்தம் வந்தால் சாக்பீஸால் பெருக்கல் குறி. மழையில் மண் கரைந்து, நிலம் அவ்வப்போது லேசாக ஆடி, கற்கள் எல்லாம் ஆடுகிற பல்லாக நிற்கும் பாறை அது. ஆனால் அதைவிட ஆபத்தானது நாலரை மணி போட். தூரத்தில் அது ஊதிவிட்டால் போதும், கூட்டத்துக்குப் புத்தி பேதலித்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் கயிற்றை உருவுவார்கள். ஜெட்டிக்குக் குறுக்குவழி பாறையின் அடியோரமாகவே போவதால் எல்லோரும் அதிலேயே ஓடுவார்கள்.

"போட் போனா இன்னொரு போட் வரும். மண்டை போனா வராது. சம்ஜே?" என்று அவள் வாராவாரம் கத்துவாள்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு போட் ஊதியபோது, கடைசி ஆளாக அவள் இறங்கி முடித்திருந்தாள். மறுநாள் பள்ளியில் விளையாட்டு விழா, வீட்டில் வேலை குவிந்து கிடந்தது. கயிற்றை உருவினாள். பாதியில் மேலே எங்கோ சிக்கியது. சிக்கிய கயிற்றைச் சுண்டி இழுக்கக் கூடாது, கல்லைப் பெயர்க்கும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள், பாறையடியில் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல், வாயையும் திறக்காமல், ஒரு சுண்டு சுண்டினாள்.

தேங்காய் அளவு கல் ஒன்று கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் "பத்தர்!" என்று அலறினாள். அதற்குள் பாறை முனையைச் சுற்றிக்கொண்டு வந்த கல்லூரி மாணவி ஷீலாவின் தோளில் அது விழுந்துவிட்டது. காறை எலும்பு முறிந்தது.

பத்தடி தள்ளி அதே நேரத்தில் கௌதமும் கயிற்றை உருவிக்கொண்டிருந்தான். கிளப்பிலேயே கத்தாத ஆள் அவன்தான். இருபத்து நாலு வயது, கூச்சம். எத்தனை திட்டினாலும் அவனுடைய "ரோப்" அவன் சட்டைப் பொத்தானைத் தாண்டாது. எல்லோரும் அவனைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவனும் தன் கயிற்றைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "சாரி, சாரி" என்று அழுதான். ராஜகுமாரி கத்தியிருக்காவிட்டால் கல் தலையிலேயே விழுந்திருக்கும் என்று எல்லோரும் அவள் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அவள் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். போட் வந்துவிட்டது.

அந்த வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்துக்கு விசில் ஊத மறந்து நின்றாள். வீட்டில் சமையல்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். முருகையா என்னவென்று கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். செவ்வாய்க்கிழமை கிளப் தலைவர் ரவிச்சந்திரன் போன் செய்தார்.

"ராஜி மேடம், வெள்ளிக்கிழமை மீட்டிங். கௌதமை கிளப்லேர்ந்து எடுத்துடலாம்னு இருக்கு. நடந்ததை நீங்களே ரிப்போர்ட்டா எழுதிட்டு வாங்க. நீங்க எழுதினா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க."

"அவனுக்கு ஜனவரில மெயின்லேண்ட்ல ட்ரெயினிங் இருக்கே?"

"கிளப் லெட்டர் இல்லாம எப்படிப் போவான்? அது கேன்சல்தான்."

மலையேற்றப் பயிற்சியாளன் ஆக வேண்டும் என்று மூன்று வருடமாக விண்ணப்பித்து, இந்தத் தடவைதான் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. ராஜகுமாரி அறிக்கை எழுத உட்கார்ந்தாள், எழுந்தாள். உண்மையைச் சொன்னால் பாறையை விட்டு அவள் போக வேண்டும். அவள் போய்விட்டால் அங்கே கத்துவதற்கு யார் இருக்கிறார்கள்? நாளைக்கு இதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்துவிட்டால்? நல்ல சாக்குதான். சாக்கு என்று அவளுக்கே தெரிந்ததுதான் தொந்தரவு. இருந்தாலும் புதன்கிழமை அறிக்கையை எழுதி முடித்தாள், கௌதமின் பெயரைப் போட்டு.

வியாழக்கிழமை ஷீலாவைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனாள். தோளில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்த பெண் இவளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் தப்பும் இருக்கு மிஸ். பாறையோரமா வந்திருக்கக் கூடாது. கௌதம் அண்ணா கத்த மாட்டாருன்னு தெரியும்ல, அதனால அவரு பக்கமே பாத்துக்கிட்டு வந்தேன். உங்க பக்கம் பாக்கவே இல்ல."

"ஏன்?"

"நீங்க இழுத்தா கத்துவீங்களே மிஸ். சத்தம் வரல, அப்போ நீங்க இன்னும் இழுக்கலன்னு நெனச்சேன்."

ராஜகுமாரி ஒரு பழத்தை எடுத்து உரித்தாள். உரித்த சுளையை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அபர்டீன் பஜாரில், ரவிச்சந்திரனின் கடை மாடியில் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். கௌதம் கதவோரமாக நின்றான். ஐந்து நாளில் ஆள் பாதியாக இளைத்திருந்தான். "வாசிங்க மேடம்" என்றார் ரவிச்சந்திரன். ராஜகுமாரி தாளைப் பிரித்தாள், மடித்தாள்.

"இது பொய்யிங்க. கல்லு என் கயித்துல வந்தது. சிக்கிக்கிச்சு, நான்தான் சுண்டுனேன். ரோப்னு கத்தவும் இல்ல, சுத்திப் பாக்கவும் இல்ல. போட்டுக்கு நேரமாச்சுன்னு அவசரப்பட்டேன்."

ரவிச்சந்திரன் கை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, "விடுங்க மேடம், அவசரத்துல எல்லாருக்கும் நடக்கிறதுதான். யார் பேரும் வேணாம், விபத்துன்னு எழுதிக்கலாம்" என்றார்.

"கௌதம் பேர மட்டும் எழுதச் சொன்னீங்க. இப்ப என் பேர எழுதுங்க. இந்த சீசன் முழுக்க நான் கயித்தத் தொட மாட்டேன். அவனுக்கு லெட்டர் இன்னைக்கே குடுங்க."

யாரோ மெல்லக் கைதட்டினார்கள். "எவ்வளவு பெரிய மனசு" என்று இன்னொருவர் சொன்னார். அந்தச் சொல் அவளுக்கு நெருப்பாகச் சுட்டது. கௌதம் கதவோரத்திலிருந்து நடுவுக்கு வந்தான்.

"தெனமும் ஷீலா வீட்டு வாசல்ல போய் நின்னுட்டு வரேன் மிஸ். உள்ள போக பயம். அவங்க அப்பா மூஞ்சியப் பாக்க முடியல." அவன் குரல் அந்த மாடி முழுவதற்கும் கேட்டது. "என் கல்லு இல்லன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"நான் அழுதப்பவேவா?"

"ஆமா" என்றாள் ராஜகுமாரி. அவள் குரல்தான் யாருக்கும் கேட்கவில்லை. அவள் அதை இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.