எடுத்து வைத்த சேலைக்கு எத்தனை நிமிடம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையை மூன்று மாடியாக உயர்த்தியது என் சொந்த மூளை. அதே மூளைதான் எங்கள் ஆன்லைன் கடைக்கு ஏபிஐயும் வடிவமைத்தது. கம்ப்யூட்டரில் எழுதியது மருமகள். அதை நான் மறைக்கவில்லை.

செல்போனில் சேலைப் படம் காட்டுவது முன்பக்கம். பின்னால் இருந்துகொண்டு, 'இந்தச் சேலை இருக்கிறதா?' என்று கேட்டால் இருப்பைப் பார்த்துப் பதில் சொல்வது ஏபிஐ. இதற்காக மருமகள் மதுரை வேலையை விட்டிருந்தாள். சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. கடை முதல் நாளே படுத்தால் அவள் உழைப்பும் போச்சு, என் பேரும் போச்சு.

தாளில் கட்டம் போட்டுக் காட்டினாள்: பார்ப்பது, கூடையில் போடுவது, பணம் கட்டுவது.

"ஒத்தச் சேலைதான் கிடக்கு. ரெண்டு பேரு கூடையில போட்டா?" என்று கேட்டேன்.

"மொதல்ல பணம் கட்டுறவுகளுக்கு, மாமா."

"நல்லாருக்கே! ஒருத்தர் கையில இருக்கத இன்னொருத்தர் பிடுங்க விடுவனா? கூடையில போட்டா அது அவுகளுக்கு. எடுத்து வச்சிரு."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நேரமென்ன நேரம்? சொன்னா சொன்னதுதான்."

"மாட்டிக்குவோம் மாமா."

"கடை நடத்துறது நானா, நீயா?"

நான் சொன்னபடியே எழுதினாள்.

திறப்பு நாள். காலை பத்து மணிக்குத் திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாச் சேலைக்கும் நேராக 'இருப்பு இல்லை'. அத்தனையும் விற்றுவிட்டது என்று லட்டு வாங்க ஆள் அனுப்பிவிட்டேன்.

மருமகள் முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணுகூட விக்கல மாமா. எல்லாரும் கூடையில போட்டுட்டுப் போய்ட்டாக. எடுத்து வச்சே கடையப் பூட்டிட்டீக."

மாடியிலிருந்து கீழே இறங்கினேன். கல்லா அருகில் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்த ஓர் அம்மா, "இத எடுத்து வைங்கண்ணே, பாத்திரக்கடைக்குப் போய்ட்டு வாரேன்" என்றார். எங்கள் ஆள், "ஒங்க பஸ்ஸு கெளம்புற வரைக்குந்தான்க்கா. அப்புறம் அலமாரிக்குப் போயிரும்" என்றான்.

அட! அது நான் போட்ட சட்டம். பழகிப் பழகி, சட்டம் என்பதே மறந்திருக்கிறது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினேன்.

"தாயி! ஒவ்வொரு கூடைக்கும் ஒரு பஸ்ஸு விடு!"

"என்னது?"

"பஸ்ஸு கெளம்புனா சேலை தானா அலமாரிக்குத் திரும்பணும்."

"பதினஞ்சு நிமிசத்துல கெளம்பட்டுமா? நான் மொதல்லயே கேட்டது இதத்தான்."

"நீ நேரம் கேட்ட. பஸ்ஸ நான்தான கண்டுபிடிச்சேன்!"

சிரித்துக்கொண்டே எழுதினாள். மதியத்துக்குள் சேலைகள் ஒவ்வொன்றாகத் திரையில் திரும்பி வந்தன. நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. மல்லாங்கிணற்றிலிருந்து ஓர் அம்மா மாம்பழ மஞ்சள் சேலைக்குப் பணம் கட்டியதும் நான் போட்ட சத்தத்தில் கீழ்த்தளமே நிமிர்ந்து பார்த்தது. அந்தச் சேலையை யாரையும் தொடவிடாமல் நானே மடித்து, பெட்டியில் வைத்து, விலாசம் ஒட்டினேன்.

"தலைகீழா ஒட்டிட்டீக மாமா" என்றாள்.

"பெட்டியத் திருப்பி வையி" என்றேன். அதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிட்டது.