மூக்கால் பேசிய மணப்பெண்

செல்போன் வந்த புதிதில், ஆந்திர எல்லையை ஒட்டிய பேர்ணாம்பட்டில் எங்கள் வீட்டுக்குள் ஆந்திரா டவர்தான் எடுக்கும். வந்த அழைப்பை எடுத்தாலே ரோமிங் என்று பேலன்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு வெளிமாநிலக் கட்டணம்! தமிழ்நாட்டு டவர் கிடைத்த இடம், தெருக்கோடியில் தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடும் கால்வாய் ஓரம். அழுகிய தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த நாற்றத்தில் மூக்கைத் திறக்க முடியாது.

எனக்கு நிச்சயமான பிறகு, அரக்கோணத்திலிருந்து அவர் அழைப்பார். கட் செய்துவிட்டுக் கால்வாய்க்கு ஓடுவேன். மறுபடி அடித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுவேன்.

ஒருநாள் அவருடைய அம்மா வீட்டுக்கே வந்து அப்பாவிடம் கேட்டார்: "பொண்ணுக்கு மூக்குல இன்னா கோளாறு? மறைக்காம சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாங்க அத்தே, காட்றேன்" என்று கால்வாய்க்கு அழைத்துப் போனேன். பாதி வழியிலேயே முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டார்.

"அய்யே! இங்க நின்னுக்கினா என் புள்ளையாண்ட பேசின?"

அவர் குரலும் மூக்கால்தான் வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு கணவர் என் போனை வாங்கி, அது தானாக வலுவான டவருக்குத் தாவுவதை நிறுத்தி, தமிழ்நாட்டு டவரை மட்டும் பிடிக்கும்படி மாற்றினார். இரண்டு பொத்தான்தான். அம்மா வீட்டுக்குள்ளேயே மெலிதாக சிக்னல் நின்றது. சிம் விற்றவன் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்றும் போன் அடித்தால் என் கை முதலில் மூக்குக்குத்தான் போகிறது.